வைத்தியசாலையிலிருந்து இல்லம் வரை: முதியோர் பராமரிப்பிற் கவனிக்கவேண்டுவன

மருத்துவம் என்பது மருந்து கொடுத்தல் ஒன்றே அன்று என்பது நம் முன்னோர் தெளிந்துணர்ந்த உண்மையாகும். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அவை. வடமொழியிலுள்ள சரக சங்கிதையும் இந்நான்கினையே மருத்துவத்தின் பாதங்களாகக் கொண்டுள்ளது. ஆதலின், நோயாளியின் அருகிருந்து பணிபுரிவோனை மருத்துவத்துக்குப் புறம்பானவனாகக் கருதாது, அதன் காற்பங்கினனாக மதித்தல் நம் மரபு என்பது போதரும்.

இக்காலத்தில் ஏனைய கூறுகள் பெரிதும் வளர்ந்துள்ளன. மருத்துவர்தம் அறிவு பெருகியது, மருந்துகள் பல்கின, நோயாளியும் முன்னையினும் விழிப்புடையவனானான். பணிபுரிவோன் என்னும் கூறும் வைத்தியசாலையினுள்ளே பயிற்சிபெற்ற தாதியரால் நன்கு நிறைவேறுகின்றது. ஆனால், நோயாளி வைத்தியசாலை வாயிலைக் கடந்து வீடு நோக்கிச் செல்லும்போது அப்பணி யார் கைக்கு மாறுகின்றது? அதனை ஏற்பவர் அதற்கு ஆயத்தமாக்கப்பட்டாரா? இளைஞர் ஒருவர் காய்ச்சல் தணிந்து வீடு திரும்பும்போது இவ்வினாக்கள் எழாமற் போகலாம். முதியோரைப் பொறுத்தவரை இவை உயிரோடு தொடர்புடைய வினாக்கள். கல்முனைக் கரையோரத்து ஊர்களை மனத்திற் கொண்டு இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூப்படையும் நாடு

இலங்கையின் மக்கட்டொகை விரைந்து மூப்படைந்து வருகின்றது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அறுபத்தைந்து வயதும் அதற்கு மேற்பட்டோரும் நூற்றுக்கு 7.9 பேராக இருந்தனர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தொகை 12.6 ஆக உயர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுள் நிகழ்ந்த மாற்றம் இது. மேலைநாடுகள் செல்வம் ஈட்டிய பின்னர் மூப்படைந்தன. நாமோ செல்வம் ஈட்டுமுன்னரே மூப்படைகின்றோம்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டாற்போல அமைந்துள்ளன. மேற்கே வயல்களின் நடுவே சம்மாந்துறை உள்ளது. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியிலே மக்கள் நெருக்கம் மிகுதி. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என இரு பெரிய வைத்தியசாலைகள் உள. அவற்றுக்கு மேற்பட்ட சிகிச்சை வேண்டுவோர் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் வடக்கேயுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவர். எனவே, சிகிச்சை பெறுதற்கு இடமில்லை என்பது இப்பகுதியின் தலையாய குறை அன்று. சிகிச்சை முடிந்து திரும்பும் வழியிலேதான் இடர் மறைந்து கிடக்கின்றது.

'துண்டு வெட்டுதல்'

நோயாளியை வீட்டுக்கு அனுப்புதலை நம் மக்கள் 'துண்டு வெட்டுதல்' என்பர். இவ்வழக்கில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. துண்டு வெட்டியவுடன் வைத்தியசாலையின் கடமையும் வெட்டுண்டு முடிந்ததாகவே இரு திறத்தாரும் எண்ணுகின்றனர்.

எழுபத்தெட்டு வயதுடைய முதியவர் ஒருவரைக் கருதிக்கொள்வோம். நெடுங்காலம் தறியில் அமர்ந்து நெசவு செய்தவர். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உடையவர். இருதயத் தளர்ச்சியால் மூச்சடைத்து எட்டு நாள் வாட்டிற் கிடந்தார். ஒன்பதாம் நாட் காலை பெரிய டொக்டர் பார்வையிட்டு, "இன்று போகலாம்" என்றார். கட்டிலுக்காக வேறொரு நோயாளி காத்திருக்கின்றார். நண்பகலுக்குப் பின் டயக்னோசிஸ் காட் எனப்படும் அட்டை எழுதி முடிக்கப்படுகின்றது. மருந்து வாங்கும் வரிசையில் மகன் நிற்கின்றான். ஏழு கடதாசி உறைகளில் ஏழு வகை மாத்திரைகள் கைக்கு வருகின்றன. கிளினிக் வரவேண்டிய திகதியும் குறிக்கப்படுகின்றது. முதியவர் முச்சக்கர வண்டியில் ஏற்றப்படுகின்றார். எட்டு நாள் இரவு பகலாகப் பலர் கண்காணித்த உடலை அன்று மாலை தொடக்கம் ஒரு குடும்பமே கண்காணித்தல் வேண்டும்.

இவ்வட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுவது. ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவருக்கு எழுதும் கடிதம் போன்றது அது. அந்நோக்கத்துக்கு அது பொருத்தமானதே. ஆங்கிலம் அறிந்தவர் என்ற முறையில் அயலவர் கொண்டுவரும் இவ்வட்டைகளைப் படித்துக் காட்டும் பணி எம்போன்ற ஆசிரியர்க்கு அடிக்கடி வாய்க்கின்றது. அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நோயின் பெயரைப் பற்றியனவல்ல. பழைய மாத்திரைகளை விட்டுவிடுவதா, கஞ்சி கொடுக்கலாமா, குளிக்க வார்க்கலாமா, தனியே நடக்க விடலாமா என்பனவே அவர்கள் அறிய விரும்புவன. இவற்றுள் ஒன்றுக்கும் அட்டையில் விடை இராது. அட்டை மருத்துவருடன் பேசுகின்றது. வீட்டாருடன் பேசுவதற்கு வேறொன்று வேண்டும்.

வீட்டிலே நேரும் இடர்கள்

முதலாவது இடர் மருந்துகளால் நேர்வது. முதியவர் வீட்டில் ஏற்கனவே கிளினிக் மாத்திரைகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. வைத்தியசாலையில் அவற்றுட் சில நிறுத்தப்பட்டிருக்கலாம்; சிலவற்றின் அளவு மாற்றப்பட்டிருக்கலாம். வீட்டாரோ பழையனவற்றோடு புதியனவற்றையும் சேர்த்துக் கொடுப்பர். உடலில் மிகையான நீரை வெளியேற்றும் ஒரே மருந்து தனியார் கடையில் 'லாசிக்ஸ்' என்ற வணிகப் பெயருடனும், அரச வைத்தியசாலையில் 'பியூரோசிமைட்' என்ற மருந்துப் பெயருடனும் கிடைக்கும். இரண்டும் ஒன்றென அறியாதவர் இரட்டிப்பு அளவு கொடுத்துவிடுதல் எளிது. மருந்துகளை அவற்றின் உண்மைப் பெயராலேயே வழங்கவேண்டும் எனப் பேராசிரியர் சேனக பிபிலே வற்புறுத்தியதும், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் தொடங்கப்பட்டதும் நம் நாட்டுக்குப் பெருமை தருவன. அக்கொள்கையின் பயன் கடைசி வீட்டின் மருந்துப் பெட்டி வரை சென்று சேர்தல் வேண்டும்.

எழுத்தறியாத முதியோர் மாத்திரையை நிறத்தாலும் வடிவாலும் அறிகின்றனர். வேறொரு கம்பனியின் மாத்திரை வரும்போது நிறம் மாறும். அவர் அறிவும் தடுமாறும். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது பழமொழி. குருதியமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் இப்பழமொழி பொருந்தாது. உடல் சுகமாயிற்று என மருந்தை நிறுத்திய முதியோர் சில கிழமைகளில் மீண்டும் வாட்டுக்கு வருதல் நாம் காணும் காட்சியே. இவற்றோடு, மூட்டுவலிக்கெனக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக் போன்ற வலிநீக்கிகள் இருதயத் தளர்ச்சியையும் சிறுநீரக நோயையும் கடுமையாக்க வல்லன என்பதையும் பலர் அறியார்.

இரண்டாவது இடர் உடலின் தளர்வு. வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்தல் இளைஞருக்கு ஓய்வு, முதியோருக்கோ இழப்பு. நலமுள்ள முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையில் கிடத்திச் செய்த ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. கால்களில் மாத்திரம் அவர்கள் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசையை இழந்தனர். நோயுற்றவர்க்கு இவ்விழப்பு இன்னும் மிகும் எனக் கருத இடமுண்டு. நடந்து சென்று அனுமதிக்கப்பட்டவர் திரும்பும்போது சுவரைப் பிடித்தே நிற்கின்றார். ஆயினும், வீட்டில் வழமைபோல நனைந்த சீமெந்துத் தரையிலே ஒழுச் செய்யவும், இருளிற் கிணற்றடிக்குப் போகவும் முற்படுவார். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் எழுந்த மாடி வீட்டுத் தொகுதிகளில் வாழ்வோருக்கு மாடிப்படியும் ஒரு தடையாகின்றது. இடுப்பெலும்பு முறிந்தபின் பழைய நடையை மீளப் பெறும் முதியோர் குறைவு.

மூன்றாவது இடர் மனக்குழப்பம். உறக்கமின்மை, தொற்றுநோய், புதிய மருந்து, பழக்கமில்லாத இடம் ஆகியவற்றால் முதியோர் சிலர் இரவில் ஆளறியாது பேசுவர், இல்லாதவரைக் கூப்பிடுவர். இதனை மூப்பின் இயல்பென்று விடுவோரும், வேறு காரணம் கற்பித்துப் பரிகாரம் தேடுவோரும் உளர். திடீரெனத் தோன்றும் குழப்பம் நோயின் அறிகுறியாகும்; அதற்கு மருத்துவரை நாடல் வேண்டும்.

நான்காவது இடர் உணவு. "உப்பைக் குறையுங்கள்" என்று வாட்டிற் சொல்லப்படும். நம் கரையிலே கருவாடு கறிக்கு உயிர். அது உப்பிலே ஊறியது என்பது எவருக்கும் நினைவுக்கு வராது. நோய் விசாரிக்க வருவோர் இளநீரும் பழமும் மோல்ட் பானமும் கொண்டுவருவர். அன்பு மிகுந்த இவ்வழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இளநீரிலுள்ள பொற்றாசியமும், நீரிழிவாளருக்கு மோல்ட்டிலுள்ள இனிப்பும் தீங்கு பயக்கும். உப்பைக் குறையுங்கள் என்பது பொது விதி. கருவாட்டை விடுங்கள் என்பதே வீட்டில் விளங்கும் மொழி.

ஆய்வுகள் காட்டும் உண்மை

இவை நம் ஊர்களுக்கு மாத்திரம் உரிய குறைகள் அல்ல. அமெரிக்க நாட்டிலே முதியோருக்கான மெடிகெயார் காப்புறுதித் திட்டத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையொன்று, வைத்தியசாலையிலிருந்து சென்றோருள் நூற்றுக்கு 19.6 பேர் முப்பது நாளுக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டதைக் காட்டியது. ஐவரில் ஒருவர் என்க. சத்திரசிகிச்சையின்றி மருந்துச் சிகிச்சை பெற்றுச் சென்று அவ்வாறு மீண்டவருட் பாதிப்பேர், இடைப்பட்ட நாட்களில் ஒரு மருத்துவரையேனும் கண்டதற்குப் பதிவில்லை. செல்வமும் கருவிகளும் நிறைந்த நாட்டின் நிலை இதுவாயின், சிக்கல் பணத்தால் மாத்திரம் தீர்வதன்று என்பது விளங்கும்.

மீண்டும் வருவோர் பலர் முன்னைய நோயினாலன்றிப் புதியதொன்றினால் வருகின்றனர் என்பதும் கருதத்தக்கது. யேல் பல்கலைக்கழக இருதய மருத்துவர் ஹார்லன் குறும்ஹோல்ஸ் 2013இல் இதற்கு விளக்கம் தந்தார். வைத்தியசாலையிலே உறக்கம் கெட்டும், உணவு குறைந்தும், அசைவின்றிக் கிடந்தும் நோயாளி மெலிகின்றார். ஆகவே வீடு திரும்பிய முதற் சில கிழமைகளில் எந்நோயும் அவரை எளிதிற் பற்றும் என்பது அவர் கருத்து.

இக்குறையைக் களையும் வழிகளும் ஆராயப்பட்டுள்ளன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துத் தாதியியற் பேராசிரியை மேரி நெயிலர் ஒரு முறையை வகுத்தார். முதியவரை வாட்டிலேயே சந்தித்த தாதியே பின்னர் வீட்டுக்கும் சென்று பார்ப்பார். 1999இல் வெளியான அவருடைய ஆய்விலே இருபத்துநான்கு கிழமைகளுள், வழமையான முறையில் அனுப்பப்பட்டோருள் நூற்றுக்கு 37.1 பேர் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். இவ்வாறு கவனிக்கப்பட்டோருள் 20.3 பேரே மீண்டனர். கொலராடோவைச் சேர்ந்த மருத்துவர் எரிக் கோல்மன் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிய முறையொன்றைக் காட்டியது. மருந்துகளைத் தாமே ஒழுங்குபடுத்தல், தம் நோய்க் குறிப்பைத் தாமே வைத்திருத்தல், குறித்த நாளில் மருத்துவரைக் காணல், அபாய அறிகுறிகளை அறிதல் என்னும் நான்கையும் நோயாளிக்கும் வீட்டாருக்கும் கற்பித்தலே அம்முறை. கற்பித்தலாலேயே மீள்வருகை குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2017இல் மருந்துத் தீங்கினை ஒழிக்கும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது, நோயாளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறும் வேளையை முதன்மையாகக் கவனிக்கவேண்டிய மூன்று துறைகளுள் ஒன்றாக வைத்தது.

நம்மிடமே உள்ள முன்மாதிரி

இம்முறைகளைக் கேட்டோர், "இவை வளம் மிகுந்த நாடுகளுக்கு உரியவை, நமக்கு எட்டுவனவா?" என வினவுதல் கூடும். இதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் ஒருவரை அவர் வீட்டு வாயில்வரை தொடர்ந்து சென்று காக்கும் முறையை இலங்கை நெடுங்காலமாகவே கைக்கொண்டு வருகின்றது. ஆனால், அது பிள்ளை பெற்ற தாய்க்கு உரியது.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அவ்விதையிலிருந்தே இன்று நாடெங்கும் பரந்துள்ள சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் வளர்ந்தன. ஒவ்வொரு பிரிவிலும் மருத்துவ மாதுக்கள் கடமையாற்றுகின்றனர். கருவுற்ற தாயைப் பதிவுசெய்து, பிள்ளை பிறந்து வீடு திரும்பியபின் முதற் பத்து நாளுக்குள் இரு முறையேனும் அவர் வீட்டுக்குச் சென்று பார்ப்பது அவர்தம் கடமை. காய்ச்சல் உண்டா, குருதி போகின்றதா, பிள்ளை பால் குடிக்கின்றதா என அவர் ஆராய்வார். குறை கண்டால் உடன் வைத்தியசாலைக்கு அனுப்புவார். 1930களிலே ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்தைக் கடந்திருந்த தாய் மரணம் இன்று நாற்பதுக்கும் குறைவாகத் தாழ்ந்துள்ளமைக்குப் பல காரணங்கள் உண்டு. வீட்டு வாயிலைத் தேடிச் சென்ற இம்மாதரின் பணி அவற்றுள் ஒன்று என்பதை அறிஞர் யாவரும் ஒப்புவர்.

வீட்டிலும் அவ்வாறே. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் என்பது நம் கரையோரத்து முஸ்லிம், தமிழ்க் குடும்பங்கள் யாவும் அறிந்த கணக்கு. அந்நாட்களில் அவள் உண்ணும் உணவும், குளிக்கும் நீரும், உறங்கும் பொழுதும் கவனிக்கப்படும். அதனை முன்னின்று செய்பவள் பெரும்பாலும் அவளுடைய உம்மா. அவ்வும்மாவே முதுமையில் நோயுற்று வைத்தியசாலையிலிருந்து திரும்பும்போது, அவளுக்கென அத்தகைய நாற்கணக்கு ஒன்றும் இல்லை. ஊரில் எத்தனையோ பிள்ளைப்பேற்றைத் தாங்கிய கைகளை, அவை தளர்ந்த நாளிற் தாங்குதற்கு ஒரு முறை வகுக்கப்படவில்லை. இக்குறையை நிரப்புவதே நாம் மேற்கொள்ளவேண்டிய பணி எனக் கூறலாம். முதியோருக்கும் ஒரு நாற்பது நாள் வேண்டும்.

அயலகமும் இவ்வழியிற் சென்றுள்ளது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி மற்றும் தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தின் பணி, அயற்புறத் தொண்டர்களின் துணையோடு ஊர்தோறும் பரவியது. 2008இல் அம்மாநில அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் நீரிழிவு, குருதியமுக்கம் உடையோருக்கு மருந்தையும், தளர்ந்தோருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையையும் வீட்டிலேயே வழங்குகின்றது. நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்திலே கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர் வீடுகளிற் சேர்த்தனர். இடர் வந்தபோது இயன்றது ஏனைய நாளிலும் இயலக்கூடியதே.

இக்கரையோரத்தின் தனியியல்புகள்

எந்தத் திட்டமும் ஊரின் வாழ்க்கை முறையோடு பொருந்துதல் வேண்டும். கிழக்கிலங்கைக் கரையோரத்து முஸ்லிம்களும் தமிழரும் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணஞ்செய்யும் வழக்கினர். மணமகன் மனைவி வீட்டிலே வாழ்வான். ஆதலின், முதிய பெற்றோர் மகளின் வீட்டிலோ அதனை அடுத்தோ இருப்பர். அவர்களைப் பேணும் பொறுப்பும் மகளையே சாரும். ஆனால், ஆண்கள் வாட்டிலே இரவில் துணை நிற்பவர் ஆணாக இருத்தல் வேண்டும். மகனோ மருமகனோ பேரனோ அங்கு நிற்பான். டொக்டர் சொல்வதைக் கேட்பவன் அவன். மருந்து கொடுப்பவள் வீட்டிலுள்ள மகள். கேட்டவர் செய்வதில்லை, செய்பவர் கேட்டதில்லை. துண்டு வெட்டும் நாளில் அம்மகளை ஒரு மணி நேரம் வாட்டுக்கு அழைத்துச் சொல்லிக்கொடுப்பின் பாதி இடர் நீங்கும். மகள் வெளிநாட்டில் உழைப்பவளாயின், வீட்டில் எவர் பேணுவார் என்பதை அனுப்புமுன்னரே தெளிதல் வேண்டும்.

நோன்புக் காலமும் கருதத்தக்கது. நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆன் சலுகை அளித்துள்ளது. நீங்காத நோயுடையவர் நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் வழியும் உண்டு. ஆயினும், முதியோர் பலர் வாழ்நாளெல்லாம் பிடித்த நோன்பை விட மனமொப்பார். வீட்டாரிடம் சொல்லாமலே மாத்திரைகளைத் தள்ளிவைப்போரும் உளர். இன்சுலினோ சீனியைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் உண்ணாதிருப்பின் குருதியிற் சீனி அபாயகரமாகத் தாழும். ஆகவே, நோன்பு வருமுன்னரே மருத்துவரிடமும், வேண்டின் மார்க்க அறிஞரிடமும் கலந்து முடிவுசெய்தல் நன்று. ஆலிம் ஒருவரின் ஒரு சொல் இவ்விடயத்தில் மருத்துவரின் பத்துச் சொல்லினும் வலியது.

இன்னுமொன்று. நம் ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களும் மரண உதவிச் சங்கங்களும் சிறப்புற இயங்குகின்றன. ஒருவர் இறந்தால் ஒரு நாழிகையிற் பந்தலும் கதிரையும் வந்து சேரும். இவ்வொற்றுமை நமக்குப் பெருமை. இறந்தவரைச் சுமக்க இத்துணை ஆயத்தமாக உள்ள நாம், உயிரோடு திரும்புபவரைத் தாங்க ஆயத்தமாக இல்லாமை சிந்திக்கத்தக்கது. அச்சங்கங்களே நடைதாங்கி, சக்கர நாற்காலி, மலசலக் கதிரை, உயர்த்தி இறக்கும் கட்டில் முதலியவற்றை வாங்கிவைத்து வேண்டியவருக்கு இரவல் கொடுப்பின் அப்பணி நிறைவுறும்.

செய்யத்தக்கன

வைத்தியசாலை செய்யத்தக்கவை அதிக செலவு வேண்டாதன. முதியவர் வீடு திரும்பும் நாளை முதல்நாளே வீட்டாருக்கு அறிவித்தல் வேண்டும். டயக்னோசிஸ் காட்டுடன் தமிழில் அச்சிட்ட ஒரு தாளும் கொடுத்தல் நன்று. புதிய மருந்து எது, நிறுத்திய மருந்து எது, அளவு மாறியது எது என மூன்று நிரல்களில் அதனை எழுதலாம். பேணுபவர் வீட்டிலுள்ள பழைய மருந்துகளைக் கொண்டுவரச் செய்து ஒப்புநோக்கல் வேண்டும். இறுதியாக, சொன்னதை அவரையே திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். "விளங்கியதா?" என்று கேட்டால் வகுப்பிலே எல்லா மாணாக்கரும் தலையசைப்பர் என்பதை ஆசிரியர் அறிவோம். "எங்கே, சொல் பார்ப்போம்" என்றபோதே உண்மை வெளிப்படும். வாட்டுக்கும் இவ்விதி பொருந்தும்.

ஆள் குறைவும் நெருக்கடியும் உள்ள வாட்டிலே இவற்றுக்கு நேரம் எங்கே என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மருத்துவரும் தாதியரும் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். ஆனால், கால் மணி நேரம் சொல்லிக்கொடாமையால் அதே முதியவர் மீண்டும் வந்து எட்டு நாள் கட்டிலை நிரப்புவாராயின், மிச்சப்பட்டது எது? ஆதார வைத்தியசாலையிலிருந்து முதியவர் வாழும் ஊரின் பிரதேச வைத்தியசாலைக்கு அன்றே தகவல் போதல் வேண்டும். அங்கு வீட்டுப் பராமரிப்பைக் கடமையாகக் கொண்ட பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் உளராயின், முதற் கிழமைக்குள் ஒருமுறை அவர் வீட்டுக்குச் செல்வாராக. தாய்க்குச் செய்வதை முதியோருக்கும் விரித்தலே இது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தல் அன்று.

வீட்டார் அறியவேண்டுவன சிலவே. மருந்துகளைக் காலை, நண்பகல், இரவு என வேறு பெட்டிகளில் இடுக. இருதயத் தளர்ச்சியுடையவரை நாடோறும் காலையில் நிறுத்துப் பார்க்க. மூன்று நாளில் இரண்டு கிலோகிராம் ஏறினாலோ, கால் வீங்கினாலோ, நிமிர்ந்து படுக்க மூச்சு முட்டினாலோ தாமதியாது மருத்துவரிடம் காட்டுக. நீரிழிவாளர் வியர்த்து நடுங்கித் தடுமாறினால், விழுங்கும் நிலையில் உள்ளபோது சீனி கரைத்த நீர் கொடுக்க. முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க. அதற்குக் கட்டணம் இல்லை. பகற்பொழுதிற் கிடக்கவிடாது ஆள் துணையோடு சில அடிகளேனும் நடக்கச் செய்க. தரையின் ஈரத்தைத் துடைத்து, கழிவறை வழியில் இரவு விளக்கெரிய விடுக. பேணுபவளும் மனிதப் பிறவியே. அவள் உறங்குதற்கு மற்றையோர் முறைவைத்து உதவுக.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளாற் கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புக் கோரும் வழியைத் திறந்துள்ளது. சட்டம் கைவிட்டோரைக் கேள்வி கேட்கலாம். கைவிடாது தவிப்போருக்கு வழிகாட்டுவது சமூகத்தின் கடமை. நம் பகுதியிற் பெற்றோரைப் பேண விரும்பாத பிள்ளைகள் சிலர். பேணும் வகை அறியாத பிள்ளைகளே பலர். கிராம முதியோர் சங்கங்களும், பள்ளிவாசல்களும், கோயில் அறங்காவலரும் இதனைத் தம் பணியாக ஏற்றல் தகும்.

மாணாக்கருக்கும் இதிற் பங்குண்டு. கல்வி என்பது பரீட்சைத் தாளோடு முடிவதன்று. ஆங்கிலம் படிக்கும் மாணவன் தன் மூத்தம்மாவின் டயக்னோசிஸ் காட்டைப் படித்து, ஐயமுள்ளதை மருந்தாளரிடம் கேட்டுத் தமிழிலே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். உயிரியல் பயிலும் மாணவி குருதியிற் சீனி தாழ்வதன் அறிகுறிகளை வீட்டாருக்கு விளக்கலாம். விஞ்ஞானமும் மொழியும் கற்ற பிள்ளை இருக்கும் வீட்டில், ஒரு முதியவர் தவறான மாத்திரையை விழுங்கி மடிதல் அக்கல்விக்கே இழுக்காகும். பழைய மாணவருள் மருத்துவராகவும் தாதியராகவும் சுகாதார அதிகாரிகளாகவும் விளங்குவோர் தத்தம் வைத்தியசாலையில் ஒரு வாட்டிலேனும் இம்முறையைத் தொடங்கிப் பார்ப்பாராக. முதியவரை வீட்டுக்கு அனுப்புதல் சிகிச்சையின் முடிவன்று. அதன் பிற்பகுதி என்று நாம் கொள்ளும் நாளிலே, பணிபுரிவோன் என்னும் நான்காவது கூறும் தனக்குரிய இடத்தைப் பெறும்.